ரசத்துக்கும் சோறு வேண்டுமா? – நீரிழிவு கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு பேலியோ முறைக்கு மாறி, அரிசி, கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.9-இலிருந்து 6.8-க்கு இறங்கியது. பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் பத்து நாள் விட்டுப்போனது. அதன்பின் திரும்பவே முடியவில்லை. இப்போது 8.4. மற்ற மூவருக்கும் சாம்பார், ரசம் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் தனியாக முட்டையும் பனீரும் சமைப்பது அலுத்துவிட்டது. வேறு வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மாவுச்சத்து குறைந்த உணவைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2021-ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையிலும் உங்கள் கதைதான் இருக்கிறது. ஆறாம் மாதத்தில் தெளிவாகத் தெரிந்த பலன், ஓராண்டு முடிவதற்குள் பெருமளவு கரைந்துவிடுகிறது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று நடத்தும் உணவுமுறை, வீட்டில் ஒரு விசேஷம் வந்தாலே ஆட்டம் கண்டுவிடும்.

நாளொன்றுக்கு 130 கிராமுக்கும் குறைவாக மாவுச்சத்து உண்பதையே மருத்துவ உலகம் ‘குறைந்த மாவுச்சத்து உணவு’ என்கிறது. நீங்கள் கடைப்பிடித்தது அநேகமாக 50 கிராமுக்கும் கீழே இருந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 18,090 பேரின் உணவுத் தரவுகளைக் கொண்டு 2022-இல் வெளியான கணக்கீடோ, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள் மொத்தக் கலோரியில் 49 முதல் 54 விழுக்காடு வரை மாவுச்சத்திலிருந்து பெறலாம் என்று இன்னும் தளர்வாகவே சொல்கிறது. 1,500 கலோரி உண்பவருக்கு அதன் கீழ்வரம்பே ஏறத்தாழ 185 கிராம் வரும். இந்த 130-க்கும் 185-க்கும் இடையில், ஐந்து ஆண்டுகள் கழித்தும் நீங்கள் சலிக்காமல் உண்ணக்கூடிய அளவு எதுவோ அதுவே உங்களுக்குரியது என்பது என் கருத்து.

அந்த அளவுக்கு இறங்குவதற்குப் பெரிய இடம் மதியச் சாப்பாடு. நம் சாப்பாட்டின் அமைப்பே சோற்றை மூன்று முறை கேட்கிறது: சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. ஒவ்வொரு முறையும் 150 கிராம் விழுந்தால், இலையை விட்டு எழுவதற்குள் 126 கிராம் உள்ளே போயிருக்கும். ஒரு நாளைக்குரியது ஒரே வேளையில் தீர்ந்துவிடும். ஆகவே சாம்பாருக்கு மட்டும் 100 கிராம் சோறு போட்டுக்கொண்டு, ரசத்தையும் மோரையும் தம்ளரில் குடித்துவிடுங்கள். சமைத்த உணவில் எதையும் மாற்றவேண்டியதில்லை. (எங்கள் வீட்டில் ரசத்தைத் தம்ளரில் ஊற்றியபோது, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்கள். மூன்று வாரத்தில் பழகிவிட்டது.) முதல் வாரம் மட்டும் சமையலறைத் தராசில் சோற்றை நிறுத்து, அந்த அளவு பிடிக்கும் கிண்ணம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கண் அளவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே இருக்கும்.

சோறு குறைந்த இடத்தைச் சுரைக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், மீன் அல்லது முட்டை, கெட்டித் தயிர் ஆகியவற்றால் நிரப்பவேண்டும். நிரப்பாவிட்டால் நான்கு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறப்பீர்கள். காயையும் புரதத்தையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் உண்டால், அதே உணவுக்கே சர்க்கரை குறைவாக ஏறுவதைச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. காலையில் இரண்டு இட்லியுடன் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ, இரவில் பருப்பு தூக்கலாக அரைத்த அடை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி என்ற மாற்றத்தால் பெரிய லாபமில்லை. மூன்று சப்பாத்தியில் ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவாருங்கள். எந்த உணவு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதை அந்தக் குறிப்பேடு என்னைவிடத் தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் காலை இட்லியை நிறுத்திவிட்டு இரண்டு முட்டை மட்டும் உண்டேன். பதினொரு மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. முட்டை ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: முட்டைமீது பழி இல்லை, அது தாழ்சர்க்கரையாகத்தான் இருக்கவேண்டும். நீங்கள் உண்டீர்களோ இல்லையோ, கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். இட்லி வரும் என்று கணக்கிட்டுக் கொடுத்த மாத்திரைக்கு இட்லி வராதபோது, இரத்தத்திலுள்ள சர்க்கரை சரிந்துவிடுகிறது. மறுபடி அப்படி வந்து, அளவு 70-க்குக் கீழே இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாத்திரையின் அளவைத் திருத்திக்கொள்ளவேண்டும். நீங்களாக நிறுத்துவதும் கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. அவர்கள் மாவுச்சத்தை அடியோடு வெட்டினால், சர்க்கரை அளவு மிக அதிகமாகக் காட்டாத நிலையிலேயே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் சேரக்கூடும். குமட்டல், வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் ஆகியவை தென்பட்டால், மீட்டரில் 180 தானே என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கேள்வி: அரிசியை விட்டு வரகுக்கு மாறியும் என் கணவருக்குச் சர்க்கரை குறையவில்லையே, ஏன்?
– வாசகி, தருமபுரி

பதில்: தட்டில் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், வரகில் 65-ஐ ஒட்டி இருக்கும். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் “வரகுதானே” என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் அந்த வித்தியாசம் போய்விடும். கேழ்வரகுக்கும் இதே கணக்குதான். அதிலும் நைசாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி, களியைவிட விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். வரகையே தொடருங்கள், மேலே கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன கிண்ணத்தை நீங்களும் ஒன்று வாங்கிவிடுங்கள்.