ஈசிஜி சரியில்லை என்றால் இதய நோய்தானா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், வயது 36. தினமும் ஓடுகிறவர், ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வருட மெடிக்கலில் ஈசிஜி சரியில்லை என்று, எக்கோவும் டிரெட்மில்லும் எடுக்க மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். துடிப்பு 48, 'இன்கம்ப்ளீட் ஆர்.பி.பி.பி.', 'டி வேவ் இன்வர்ஷன்' என்று பேப்பரில் இருக்கிறது. லீவில் வந்தவர், "வெளியில் ஒரு ஈசிஜி எடுத்து நார்மல் என்று வாங்கிக்கொண்டு போகிறேன். இல்லையென்றால் மெடிக்கல் கேட்டகிரியை (உடல்தகுதி நிலை) இறக்கி, புரமோஷன் போய்விடும்" என்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை.
- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த மூன்றையும் ஒரே மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம். பல வருடம் ஓடிப் பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். அதனால் ஓய்வில் 48 என்பது இயல்புதான். விளையாட்டு வீரர்களின் ஈசிஜியைப் படிக்க 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், தொந்தரவு இல்லாதவர்களுக்கு 30 வரைகூட ஏற்றுக்கொள்கிறது. இன்கம்ப்ளீட் ஆர்.பி.பி.பி.யையும் (இதயத்தின் வலப்பக்கத்துக்கு மின்துடிப்பு சற்றே தாமதமாகப் போவது) அது இயல்பான மாற்றங்களில்தான் சேர்க்கிறது.

டி அலை, அதாவது துடித்து முடித்த தசை ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் அலை, தலைகீழாக இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். அது எந்த லீடில் (இதயத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் பார்க்கும் பதிவு) இருக்கிறது என்பது முக்கியம். வி1-இல் மட்டும் என்றால் பொருட்டில்லை. வி5, வி6 என்று இடப்பக்கம் இருந்தால், இதயத் தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த நோய் வெளியே எதையும் காட்டாமல் இருந்து, வேகமாக ஓடும்போது ஆளைச் சாய்த்துவிடக் கூடியது. எக்கோ எழுதிக் கொடுத்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

நல்ல உடம்போடு இருக்கும் படைவீரர்களின் ஈசிஜியில் மாற்றம் தெரிவது புதிதல்ல. ஹிஸ், லாம்ப் என்ற மருத்துவர்கள் அமெரிக்க விமானப்படையினர் 1,22,043 பேரின் ஈசிஜிகளை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார்கள். முழு ஆர்.பி.பி.பி., டபிள்யூ.பி.டபிள்யூ. (இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை) போன்றவைகூட ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இருந்தன. ஆனால் 'நான் ஃபிட், எனக்கு ஒன்றும் வராது' என்று சொல்லவும் முடியாது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் பிரேதப் பரிசோதனை முடிவு 1953-இல் வந்தது. சராசரி வயது 22தான். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதய ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவு தொடங்கியிருந்தது.

வெளியில் ஈசிஜி எடுக்கும் யோசனையை விடச் சொல்லுங்கள். டி அலை நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும், நெஞ்சில் ஒட்டும் இடம் நகர்ந்தாலும் மாறும். அங்கே நார்மல் என்று வந்தாலும் முதல் பேப்பர் பொய்யாகிவிடாது. தசையின் தடிமனைக் காட்டுவது எக்கோ. அதைச் செய்யாமல் அவர் போய் ராணுவ உடல்தகுதித் தேர்வில் வேகமாக ஓடுவதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

கேட்டகிரி பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதலில் இறக்குவது பெரும்பாலும் தற்காலிகமாகத்தான். மறுபரிசோதனையில் இதயம் நன்றாக இருப்பது உறுதியானால் முழுத் தகுதி நிலையான ஷேப்-1க்குத் திரும்ப வழி இருக்கிறது. டிரெட்மில் மட்டும் லேசாகப் 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் கலங்க வேண்டாம், அறிகுறி இல்லாதவர்களுக்கு அது தவறாகக் காட்டுவது உண்டு. எக்கோ நன்றாக இருந்தும் இடப்பக்க டி அலை அப்படியே இருந்தால், இதய எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். அதிலும் ஒன்றுமில்லை என்றாலும் வருடாவருடம் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு ஈசிஜி முதலில் மாறும், தசை பிறகுதான் தடிக்கும்.

பழைய மெடிக்கல் ஈசிஜிகள் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இதே மாற்றம் பத்து வருடமாக இருக்கிறதா, இப்போதுதான் வந்ததா என்பது டாக்டருக்குப் பெரிய உதவி. அப்புறம், அவருடைய குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா, அவரே ஓடும்போது எப்போதாவது மயங்கியிருக்கிறாரா என்று மாமியாரிடமும் அவரிடமும் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஆண்கள் இதை டாக்டரிடம் சொல்லாமல் விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எக்கோ முடியும்வரை நடக்கலாம், வேகமான ஓட்டமும் கனமான எடை தூக்குவதும் வேண்டாம். லீவில் இருக்கும்போதே நெஞ்சு இறுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வந்தால் மிலிட்டரி ஆஸ்பத்திரி தேதிக்காகக் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.