காலைல 4 மணிக்கு வந்த பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜப்பான்ல ஒக்கினாவா தீவுல ஊருக்கு நடுவுல அமெரிக்க விமான தளம் இருக்கு, ஜனங்க அதை எதிர்த்துப் போராடுறாங்கனு படிச்சேன். தளத்துக்குப் பக்கத்துல போய் வீடு கட்டினது அவங்க தப்புதானே? (வாசகர், தாம்பரம்)

பதில்: வீடு கட்ட ஏர்ஃபோர்ஸ் என்ஓசிக்கு அலையுற ஊர்ல இருந்து இந்தக் கேள்வி வர்றது சரிதான். ஆனா நீங்க சொல்ற அந்தத் தளம், ஃபுடென்மா, அதோட கதை அப்படியே தலைகீழ் சார். 1945ல ரெண்டாம் உலகப் போர்ச் சண்டை நடக்கும்போதே அமெரிக்கப் படை அங்க ரன்வே போட்டுச்சு, போட்ட எடம் ஒண்ணும் பொட்டல் காடு இல்ல, கினோவான் கிராமத்தோட ஆபீஸு, பள்ளிக்கூடம், வீடு, வயல்னு எல்லாம் இருந்த எடம். அமெரிக்கப் படை அடைச்சு வச்ச முகாம்ல இருந்து திரும்பி வந்த ஊர்க்காரங்க சொந்த நிலத்துல கால் வைக்க முடியாம வேலியைச் சுத்திக் குடியேறுனாங்க, அது வளந்து வளந்து இன்னிக்கு கிட்டத்தட்ட 1 லட்சம் பேர் இருக்குற டவுனு, நடுவுல மெதுவடை ஓட்டை மாதிரி 480 ஹெக்டேர் தளம், ஊர்ப் பரப்புல கால்வாசி.

வேலியை ஒட்டி ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கு. 2017 டிசம்பர் 13ஆம் தேதி பசங்க கிரவுண்ட்ல இருக்கும்போது ஒரு பெரிய ஹெலிகாப்டரோட ஜன்னல், 8 கிலோ கிட்ட, ஃப்ரேமோட பிச்சுக்கிட்டு அங்க விழுந்துச்சு. அதுக்கப்புறம் விமானம் கிட்ட வந்தா கண்காணிக்க நிக்கிற ஆளு கத்துவாரு, பசங்க பந்தை அப்படியே போட்டுட்டு ஓடுவாங்க, மறுவருஷம் ஜூனுக்குள்ள 500 தடவைக்கு மேல ஓடியிருக்காங்க. இதுல கொடுமை என்னன்னா அமெரிக்கப் படை தன்னோட நாட்டுல ரன்வே முனையில க்ளியர் ஜோன்னு வச்சு அதுக்குள்ள வீடோ ஸ்கூலோ இருக்கவே கூடாதுனு ரூல் போட்டிருக்கு, ஃபுடென்மால அதே முனையில வீடும் இருக்கு ஸ்கூலும் இருக்கு.

கேள்வி: அப்ப வேற எடத்துக்கு மாத்திடலாமே, சுற்றுச்சூழல் ஆய்வு பண்ணித்தானே எடம் முடிவு பண்ணுவாங்க? (வாசகி, மதுரை)

பதில்: "பண்ணித்தானே"னு கேக்குறீங்க பாருங்க, வில்லங்கமே அங்கதான். 1996ல ஜப்பான், அமெரிக்கா ரெண்டு அரசும் பேசி, மாற்று எடம் கிடைச்சா 5 முதல் 7 வருஷத்துல ஃபுடென்மாவைத் திருப்பித் தர்றோம்னாங்க. மாற்று எடம்னு கைகாட்டினது அதே தீவுல ஹெனோகோ, கடலைத் தூர்த்து ரெண்டு ரன்வே. 2006ல டிசைன் வரைக்கும் முடிஞ்சுபோச்சு, ஆய்வு வேலை முறைப்படி ஆரம்பிச்சது 2007ல. கல்யாணப் பத்திரிகை அடிச்சுட்டு அப்புறம் ஜாதகம் பாத்த கதைதான்.

அந்த ஆய்வோட கடைசி அறிக்கை வந்து சேந்த விதமே தனிக்கதை. 2011 டிசம்பர் 27ல டெலிவரி வண்டியில அனுப்புனாங்க, போராட்டக்காரங்க மாகாண ஆபீஸ் வாசல்லயே மறிச்சுட்டாங்க. மறுநாள் 28ஆம் தேதி விடியக்காலை 4 மணிக்கு, ஊரே தூங்கும்போது, பாதுகாப்புத் துறை அதிகாரிங்க அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்து செக்யூரிட்டி ரூம்ல வச்சுட்டுப் போயிட்டாங்க, உள்ள 7 ஆயிரம் பக்கம் கிட்ட. அதுலயும், ஹெலிகாப்டர் மாதிரி நேரா மேல எழும்புற ஆஸ்ப்ரே விமானம் வரப்போகுதுங்கறதை ஜனங்க கருத்து சொல்ற கட்டம் எல்லாம் முடிஞ்ச பிறகு இந்தக் கடைசி அறிக்கையிலதான் மொதமொதல்ல எழுதியிருந்தாங்க. சத்தத்தைப் பத்தி ஆய்வு பண்றோம்னு சொல்லிட்டு எந்த விமானம்னே சொல்லலன்னா அது என்ன ஆய்வு?

இதை வச்சு சூழலைக் காப்பாத்த முடியாதுனு ஒக்கினாவா கவர்னர் (அங்க கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க) 2012ல எழுதிக் குடுத்தாரு. அதே கவர்னர்தான் 2013 டிசம்பர்ல கடலைத் தூர்க்க கையெழுத்தும் போட்டாரு, அரசியல்னா அப்படித்தான் போல. அப்புறம் பாத்தா ஹெனோகோல தூர்க்கவேண்டிய ஓரா வளைகுடாவோட அடித்தளம் கொழகொழன்னு இருக்கு, அந்த ஊர்க்காரங்க மயோனைஸ்னே சொல்றாங்க, 90 மீட்டர் ஆழம் வரைக்கும். 35 ஆயிரம் கோடி யென்னு ஆரம்பிச்ச கணக்கை 2019ல 93 ஆயிரம் கோடினு மாத்துனாங்க. அதே 2019ல ஒக்கினாவால நடந்த பொது வாக்கெடுப்புல ஓட்டுப் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேர் வேணாம்னு சொன்னாங்க, யார் கேட்டா? மாத்துன டிசைனுக்குப் புது கவர்னர் கையெழுத்துப் போட மாட்டேன்னதும், மத்திய அமைச்சரே அவருக்குப் பதிலா அனுமதி குடுத்துட்டாரு, அந்த நாட்டுல அப்படி நடந்தது அதான் முதல் தடவை. தேதி 2023 டிசம்பர் 28. திரும்பவும் அதே 28!

சொல்ல மறந்துட்டேன், அந்தக் கடல்ல கடல்பசு மேஞ்சுட்டு இருந்துச்சு, நம்ம பாக் நீரிணைல ஆவுளியானு சொல்வாங்களே அதேதான். 2003ல கடல்பசு பேரையே வாதியாப் போட்டு சான் ஃபிரான்சிஸ்கோ கோர்ட்டுல கேஸ் போட்டாங்க, 2008ல ஜெயிச்சும் ஜெயிச்சாங்க, ஆனா கடைசியா 2020 அப்பீல்ல அரசாங்கம்தான் ஜெயிச்சுது.

கேள்வி: தளத்தைத் திருப்பி வாங்குன எடம் எதுவுமே உருப்படலையா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஏன் உருப்படல, ஒக்கினாவா தலைநகர் நாஹாவுல அமெரிக்கக் குடும்பங்க குடியிருந்த கிட்டத்தட்ட 200 ஹெக்டேர் 1987ல முழுசா வந்துச்சு, இன்னிக்கு அது மால், மியூசியம், ஆபீஸ்னு ஜேஜேனு இருக்கு, ஆனா நில உரிமையைப் பிரிச்சு ரோடு போட்டு முடிக்கவே வருஷக்கணக்கா ஆச்சு. இன்னொரு எடத்துல ஃபுட்பால் கிரவுண்டைத் தோண்டுனப்ப 2013ல துருப்பிடிச்ச பீப்பாய் கிளம்புச்சு, டெஸ்ட் பண்ணா டையாக்சின்ங்கற விஷம். ரெண்டு நாடும் போட்ட படை ஒப்பந்தப்படி நிலத்தைப் பழைய மாதிரி ஆக்கித் தரவேண்டிய கடமை அமெரிக்காவுக்கு இல்ல, சுத்தம் பண்ற செலவு ஜப்பான் தலையில. வீடு காலி பண்றவன் கக்கூஸ் கூட கழுவாம சாவியைக் குடுத்த மாதிரி.

கேள்வி: நம்ம நாட்டுல இந்த ஆய்வெல்லாம் எப்படி? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: 2006 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கையைப் படிச்சுப் பாருங்க. ராணுவம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுனு மத்திய அரசு முடிவு பண்ற திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்பே கிடையாது. ரகசியம் காக்கணும், வாஸ்தவம். ஆனா ரேடார் எங்க இருக்குங்கறது ரகசியம், பக்கத்து ஏரி என்ன ஆகும்ங்கறது எப்படி ரகசியம் ஆகும்? ரெண்டையும் பிரிச்சு, ஏரி சமாச்சாரத்தை மட்டுமாவது எடம் முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஊர்ல பேசலாமேனுதான் எனக்குத் தோணுது.

கேள்வி: சரி, ஃபுடென்மாவை எப்பதான் மூடுவாங்க? (வாசகர், தாம்பரம், மறுபடியும்)

பதில்: அரசுக் கணக்குப்படி 2030கள் நடுவுல, இல்ல அதுக்கும் அப்புறம். 1996ல அந்த ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் படிச்ச பையனுக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு தாண்டியிருக்கும், அவன் புள்ளையே அதே கிரவுண்ட்ல விளையாடிட்டு இருக்கலாம்.