எகெர் கோட்டையும் ஒற்றை ஆரஞ்சும்: ஹங்கேரி வரலாற்றைப் படம் போட்டுச் சொல்லித்தருவது எப்படி?

கேள்வி: கணவரின் வேலைக்காக புடாபெஸ்ட் வந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் 5-ஆம் வகுப்பு, மகன் 11-ஆம் வகுப்பு. இருவரும் உள்ளூர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். மொழி ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் டோபோ, பெத்தோஃபி, 56 என்று யாராவது பேச்சை எடுத்தால் எங்கள் பிள்ளைகள் மட்டும் முழிக்கிறார்கள். வீட்டில் படம் காட்டியே இந்த நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லித்தர முடியுமா? ஹங்கேரிய மொழியிலேயே காட்டுவதா, சப்டைட்டில் போடுவதா?

பதில்: முடியும். ஆனால் ‘கல்விப் படம்’ என்று தேடாதீர்கள். சங்கிலிப் பாலம், குலாஷ், பாப்ரிகா, வெந்நீர்க் குளம் என்று பத்து நிமிடத்தில் ஊரைச் சுற்றிக் காட்டும் வீடியோக்கள்தான் வந்து விழும். அவை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது, பக்கத்து பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் வீட்டில் எல்லாரும் பார்த்துப் பழகிய படங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் போட்டாலும் அதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வருடங்களை எழுதுங்கள்: கதை நடக்கும் வருடம், படம் எடுத்த வருடம். 1989 வரை இங்கே ஒற்றைக் கட்சி ஆட்சி. இன்றைய விஷயத்தை நேராகச் சொல்ல முடியாதவர்கள் அதற்குப் பழைய காலத்து உடையை மாட்டிவிட்டார்கள். 1983-இல் புடாபெஸ்ட்டின் நகரப் பூங்காக் குன்றில் அரங்கேறி, அடுத்த ஆண்டே படமாகவும் வந்த ‘இஷ்ட்வான், அ கிராய்’ ராக் ஓப்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். கதை 1000-ஆம் ஆண்டை ஒட்டியது. மேற்கை நோக்கும் அரசன் இஷ்ட்வானுக்கும் பழைய வழியை விடாத கொப்பானுக்கும் சண்டை. பார்த்தவர்களில் பலர் அதில் சோவியத் படை நசுக்கிய 1956 புரட்சியைக் கண்டார்கள். பாட்டுகள் நன்றாக இருக்கும், மகளும் கேட்கலாம். இதே கண்ணாமூச்சியை இன்னும் நுட்பமாக ஆடியவர் யன்ச்சோ மிக்லோஷ். ஆனால் அவர் படத்தைப் போட்டால் மகன் பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிடுவான். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மகளிடமிருந்து ஆரம்பிப்போம். 5-ஆம் வகுப்பில் மோல்நார் ஃபெரென்ஸின் ‘பால் தெருப் பையன்கள்’ நாவல் கட்டாய வாசிப்பு. ஃபாப்ரி ஸொல்தான் இயக்கி 1960-களின் கடைசியில் வந்த படம் ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. காலி மனை ஒன்றைத் தங்கள் நாடாக நினைக்கும் பையன்கள், அதைப் பிடுங்க வரும் செஞ்சட்டைக் கூட்டம். அந்தப் படையில் எல்லாருமே அதிகாரிகள். சாதாரணச் சிப்பாய் ஒரே ஒருவன், ஒல்லிப்பிச்சான் நெமெச்செக். அவர்களுக்கு ‘புட்டிச் சங்கம்’ என்று ஒன்று உண்டு. ஜன்னல் கண்ணாடியிலிருந்து சுரண்டிய புட்டியை (கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் பசை) தலைவர் தினமும் வாயில் போட்டு மெல்ல வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். அந்தச் சங்கத்தின் ஏட்டில் நெமெச்செக்கின் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதிவிடுவார்கள். பெரிய எழுத்து இல்லாத நம் மொழிப் பிள்ளைக்கு அந்த அவமானம் சட்டென்று உறைக்காது. படத்தை நிறுத்தி விளக்குங்கள்.

நெமெச்செக்கும் நண்பர்களும் கோலிக்குண்டு விளையாட, பெரிய பையன்கள் இரண்டு பேர் வந்து ‘ஐன்ஷ்டாண்ட்’ என்று சொல்லி எல்லாக் குண்டுகளையும் அள்ளிக்கொண்டு போகும் இடத்தை இரண்டு முறை போடுங்கள். வலுத்தவன் பிடுங்குவதற்கு இன்றும் இங்கே அந்தச் சொல்தான். அது நடப்பது தேசிய அருங்காட்சியகத் தோட்டத்தில். 1848 மார்ச் 15 மதியம் ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிரான புரட்சிக் கூட்டம் கூடியதும் அங்கேதான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து அதே 8-ஆம் வட்டாரத்துக்குள்ளேயே நடந்தால் பிராட்டெர் தெருவில் கோலி விளையாடும் பையன்களின் சிலை நிற்கிறது. கதையில் செஞ்சட்டைக்காரர்களின் இருப்பிடமான தாவரவியல் பூங்காவும் அதே வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது.

அடுத்த வருடம் ‘எக்ரி ச்சில்லகோக்’, அதாவது ‘எகெரின் நட்சத்திரங்கள்’ வரும். 1552-இல் டோபோ இஷ்ட்வான் சுமார் 2,000 பேரை வைத்துக்கொண்டு ஒட்டோமான் படையிடமிருந்து எகெர் கோட்டையைக் காத்த கதை. நாவல் கார்டோனி கேஸாவுடையது, படம் 1968. வெடிமருந்து அடைத்த சக்கரம் எதிரிகள் மேல் உருண்டு வெடிக்கும் காட்சியில் எந்தப் பிள்ளையும் எழுந்து உட்காரும். ஆனால் படம் முடிந்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1596-இல் அதே கோட்டை விழுந்தது. 1687 வரை ஒட்டோமான் கையில்தான் இருந்தது. எகெரில் நிற்கும் மினாரெட் அந்தக் காலத்தது. வெற்றியோடு கதையை முடித்துக்கொள்வது எல்லா ஊர் வீரக்கதைக்கும் உள்ள பழக்கம்தானே. படப்பிடிப்புக்காகக் கட்டிய கோட்டை புடாபெஸ்ட்டை ஒட்டிய பிலிஷ்போரோஷ்யெனோ கிராமத்துக்கு மேலே மலையில் இருக்கிறது. நிஜக் கோட்டையையும் செட் கோட்டையையும் பார்த்த பிள்ளைக்கு வரலாறு வேறு, படம் வேறு என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மகனுக்கு ஒரே ஒரு படம்தான் என்றால் நான் சொல்வது ‘அ தனூ’, அதாவது ‘சாட்சி’. பச்சோ பேட்டர் 1969-இல் எடுத்தார். பத்து வருடம் பூட்டி வைத்துவிட்டுத்தான் திரையிட விட்டார்கள். ஸ்டாலின் காலத்து அபத்தத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் படம். ஆற்றங்கரை அணைக் காவலர் பெலிகானை, பொய்ச் சாட்சி சொல்லத் தேவைப்படுவதால், பெரிய பெரிய பதவிகளில் உட்கார வைக்கிறார்கள். அதில் ஒன்று ஆரஞ்சு ஆராய்ச்சி நிலையம். பாடுபட்டு விளைந்தது ஒற்றை ஆரஞ்சு. தலைவர் வரும் நேரம் பார்த்து பெலிகானின் பிள்ளை அதைத் தின்றுவிடுகிறது. வேறு வழியில்லாமல் எலுமிச்சம்பழத்தை நீட்டுகிறார்கள். தலைவர் கடித்துப் பார்த்து முகம் சுளித்து என்ன இது என்று கேட்க, பெலிகான் சொல்கிறார்: புது ஹங்கேரிய ஆரஞ்சு, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் புளிப்பு, ஆனால் நம்முடையது. இந்த வசனம் தெரியாத ஹங்கேரியரைப் பார்ப்பது கஷ்டம். 1989-இல் தொடங்கிய ஒரு பத்திரிகைக்கே ‘ஹங்கேரிய ஆரஞ்சு’ என்று பெயர் வைத்தார்கள். மகன் வகுப்பில் இதைச் சரியான நேரத்தில் எடுத்துவிட்டால் போதும்.

1956-க்கு ‘ஸபாட்ஷாக், ஸெரெலெம்’ (2006) இருக்கிறது. சுதந்திரம், காதல் என்ற அந்தத் தலைப்பு 1848 புரட்சிக் கவிஞர் பெத்தோஃபியின் கவிதையிலிருந்து வந்தது. புரட்சி நசுக்கப்பட்ட அடுத்த மாதம், டிசம்பர் 6 அன்று, மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் வாட்டர் போலோவில் ஹங்கேரி சோவியத் அணியை 4–0 என்று வென்றது. ஒரு ஹங்கேரிய வீரர் முகத்தில் ரத்தத்தோடு வெளியே வந்தார். அது நடந்தது. காதல் கதை சேர்த்துக்கொண்டது. பார்த்த கையோடு இலவசமாக இருக்கும் ஃபோர்ட்டேபான் புகைப்படத் தளத்தில் 1956-ஐத் தேர்ந்தெடுத்து, படத்தில் வந்த தெருக்கள் அன்று எப்படி இருந்தன என்று மகனையே தேடச் சொல்லுங்கள்.

1944-ஐத் தவிர்க்காதீர்கள். இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்தில் 4,30,000-க்கும் மேற்பட்ட யூதர்களை இந்த நாட்டிலிருந்து ரயிலேற்றினார்கள். பெரும்பாலோர் போன இடம் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம். எழுத்தாளர் கெர்தேஸ் இம்ரேவுக்கு அப்போது 14 வயது. முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். அவர் நாவலிலிருந்து 2005-இல் வந்த ‘ஷொர்ஷ்தலன்ஷாக்’ (‘விதியின்மை’) படத்துக்குத் திரைக்கதையும் அவருடையதே. மகனோடு உட்கார்ந்து பாருங்கள், தனியாக விடாதீர்கள். அதற்கு முன் நீங்கள் இருவரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மகளுக்கு இப்போது வேண்டாம்.

பண்பாட்டுக்கு ‘மத்யர் நேப்மெஷேக்’ போதும். நாட்டுப்புறக் கதைகள், மொத்தம் நூறு கார்ட்டூன்கள். கெச்கெமேட் நகர ஸ்டூடியோவில் எடுத்தவை. ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம்தான், யூடியூபிலேயே இருக்கின்றன. பின்னணியில் வரும் பூவும் பறவையும் அந்தந்த வட்டாரத்து எம்ப்ராய்டரியிலும் மரவேலையிலும் உள்ளவை. சாப்பாட்டு நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று ஆரம்பிப்பதுபோல் இவர்கள் ‘ஹொல் வொல்ட், ஹொல் நெம் வொல்ட்’ என்பார்கள்: எங்கோ இருந்தது, எங்கோ இல்லாமலும் இருந்தது.

மற்ற பழைய படங்களுக்கு தேசியத் திரைப்பட நிறுவனத்தின் ஃபில்மியோ தளத்தைப் பாருங்கள். ஆங்கில சப்டைட்டில் எல்லாவற்றுக்கும் இருக்கும் என்று நம்பி உட்காராமல் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். தேடும்போது குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதும் நினைவிருக்கட்டும், நம் இனிஷியல் மாதிரி.

சரி, எந்த மொழியில்? கார்ட்டூன்களை ஹங்கேரிய மொழியிலேயே விடுங்கள். ‘சாட்சி’க்கு உங்களுக்காகவாவது சப்டைட்டில் வேண்டும். ‘பால் தெருப் பையன்கள்’ படத்தில் மட்டும் ஒரு வேடிக்கை: பையன்களாக நடித்தவர்களில் பலர் ஆங்கிலேயச் சிறுவர்கள், படப்பிடிப்பில் பேசியது ஆங்கிலம். இந்த நாடே கேட்டு அழுத நெமெச்செக்கின் ஹங்கேரியக் குரல் டப்பிங்தான். அதனால் மகள் எந்த மொழியில் பார்த்தாலும் குறை சொல்ல யாருமில்லை.