உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்பவர் யார், என்ன செய்வார்?

கலப்படம், தவறான லேபிள் போன்ற புகார்களை நேரில் விசாரிக்கும் அரசு அலுவலர் இவர். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது.

கடையில் எடுக்கும் மாதிரியை இவர் நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடுவார். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். அவர் 14 நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். இரண்டு பங்கு, இவருக்கு மேலதிகாரியான நியமன அலுவலரிடம் இருக்கும். மீதிப் பங்கை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஏன் இவ்வளவு சுற்று? ஒரே ஒரு சோதனையை வைத்து ஒருவரின் பிழைப்பில் கை வைக்கக் கூடாது. முடிவு தவறு என்று தோன்றினால் கடைக்காரர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவர் நோய் என்னவென்று சொல்வதில்லை, இல்லையா? இங்கேயும் அப்படித்தான்: மாதிரி எடுப்பவர் இவர், முடிவு சொல்பவர் வேறொருவர்.

அதனால் 'புகார் கொடுத்தால் அவரே தண்டனை கொடுத்துவிடுவார்' என்று நினைப்பது சரியல்ல: தரக்குறைவு வழக்கில் அபராதத்தைத் தீர்மானிப்பவர், தமிழ்நாட்டில், மாவட்ட வருவாய் அலுவலர்; பாதுகாப்பற்ற உணவு என்றால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்.