முதல் இடத்தில்தான் இருக்கிறேன், ஆளைத்தான் காணோம்!

கேள்வி: வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். 'தண்ணீர் வெளியேறவில்லையா?', 'மெஷின் அதிருகிறதா?' என்றெல்லாம் நிறைய கட்டுரைகள் எழுதி வெப்சைட்டில் போட்டிருக்கிறேன். கூகுளில் இன்றைக்கும் அவை மேலேதான் வருகின்றன. ஆனால் உள்ளே வருகிறவர்கள் ஒரு வருடமாகக் குறைந்துகொண்டே போகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பு உங்களுடையது இல்லை. நீங்கள் எழுதியதை இப்போது கூகுளே படித்துச் சொல்லிவிடுகிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, ஆகஸ்டில் இந்தியா உட்பட இன்னும் சில நாடுகளுக்கு வந்தது ஏஐ ஓவர்வியூ, அதாவது தேடல் முடிவுகளுக்கு மேலே கூகுளின் ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கம். 'ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்' என்று நாலு வரி உச்சியிலேயே வந்துவிட்டால், ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் கீழே ஏன் இறங்கப்போகிறார்?

பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர்கள் 900 பேரின் தேடல்களை எடுத்துப் பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் கீழே உள்ள லிங்க்கை அழுத்தியிருக்கிறார்கள், சுருக்கம் வராதவற்றில் 15. சுருக்கத்துக்குள்ளேயே இருக்கிற லிங்க்கை அழுத்தியது வெறும் 1 சதவீதம்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன? உங்கள் வெப்சைட் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து, பக்கம் எத்தனை முறை தேடலில் காட்டப்பட்டது, எத்தனை முறை அழுத்தப்பட்டது என்ற இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது அப்படியே இருந்து இரண்டாவது மட்டும் விழுந்திருந்தால் அநேகமாக இந்தக் கதைதான், இரண்டுமே விழுந்திருந்தால் வேறு வியாதி. அப்புறம், வந்த தலைகளை எண்ணுவதை விட்டுவிட்டு வந்த போன் அழைப்புகளை எண்ணுங்கள். சும்மா தெரிந்துகொள்ள வந்து போனவர்கள் முன்பும் உங்களுக்குக் காசு கொடுத்தது கிடையாதே!

எழுதுவதையும் மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது, ஆயிரத்தோராவது ஆளாக நீங்கள் எதற்கு? எந்த மாடலில் எந்தப் பாகம் எத்தனை வருடத்தில் போகிறது, கழற்றியபோது உள்ளே என்ன கிடந்தது, எந்தச் சத்தம் கேட்டால் ரிப்பேருக்குச் செலவழிக்காமல் புது மெஷின் வாங்குவது மேல் என்பதெல்லாம் மெஷினைத் திறந்து பார்த்த உங்களுக்குத்தான் தெரியும், அதை ஏஐ எடுத்துச் சொன்னாலும் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் சிலர் 2023-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: எண்களும் மேற்கோள்களும் ஆதாரங்களும் உள்ள பக்கங்களை ஏஐ தேடல் கூடுதலாக எடுத்தாள்கிறதாம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழைய வித்தை பலிக்கவில்லையாம்.

கேள்வி: எல்எல்எம்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று ஒரு ஃபைல் வைத்தால் சாட்ஜிபிடியில் முதலாவதாக வரவைக்கிறோம் என்று ஒருவர் மாதப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வெப்சைட்டில் என்ன இருக்கிறது என்று ஏஐக்குச் சுருக்கமாகச் சொல்லும் ஃபைல் அது, 2024-இல் ஜெரமி ஹோவர்ட் என்ற ஏஐ ஆய்வாளர் முன்வைத்த ஒரு யோசனை, அவ்வளவுதான், கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை என்றே சொல்லியிருக்கிறது. முதல் இடம் என்பதும் அங்கே கிடையாது, ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாகப் பெயர்களை அடுக்கும்.

அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு ஐந்து நிமிடம் செலவழியுங்கள். உங்கள் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து உங்கள் போன் நம்பரைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற நம்பர் அங்கே இல்லையென்றால் அது ஜாவாஸ்கிரிப்ட் (பக்கம் திறந்த பிறகு பிரவுசரில் ஓடும் நிரல்) ஓடிய பிறகுதான் வருகிறது என்று அர்த்தம், வெப்சைட்களைப் படிக்க ஏஐ நிறுவனங்கள் அனுப்பும் தானியங்கி நிரல்களான பாட்களில் பல ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. அடுத்து ரோபோட்ஸ் ஃபைல், எந்த பாட் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று சொல்கிற ஃபைல். சாட்ஜிபிடி நிறுவனத்தின் பாட்களில் ஜிபிடிபாட் ஏஐக்குப் பயிற்சி கொடுக்க எடுப்பது, ஓஏஐ-சர்ச்பாட் சாட்ஜிபிடி தேடலில் காட்டுவதற்கு. முதலாவதைத் தடுக்கிறேன் என்று இரண்டாவதுக்கும் கதவைச் சாத்திவிட்டு, 'என்னைக் காட்டவே மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என் எழுத்து ஏஐ ஓவர்வியூவில் வராமல் தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு, பக்கத்தின் நிரலில் போடும் நோஸ்னிப்பெட் என்ற குறிப்பு. ஆனால் வழக்கமான தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியும் கூடவே போய்விடும். ரோபோட்ஸ் ஃபைலில் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், ஓவர்வியூவை அது தடுக்காது. எதுவானாலும் முதலில் ஒரே ஒரு பக்கத்தில் போட்டு, ஒரு மாதம் பார்த்துவிட்டு மற்ற பக்கங்களில் கை வையுங்கள்.