வீட்டுக்குப் பக்கத்தில் டேங்கர் லாரி கவிழ்ந்து டீசல் கொட்டிவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? எப்படிச் சுத்தம் செய்வது?

குடிக்காதீர்கள். வாடை வராவிட்டாலும், பரிசோதனை முடியும்வரை வேண்டாம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். காய்ச்சினால் எண்ணெய் போகாது, ஆவிதான் வீட்டுக்குள் பரவும்.

உங்களுக்கும் எங்களைப் போலத் தோட்டத்துக் கிணறும் வீட்டுக்கு ஒரு போரும் இருக்கும் என்று நினைக்கிறேன். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து வளைவில் இப்படித்தான் ஒரு லாரி சாய்ந்தது. வண்டியைத் தூக்கிய பிறகு, ரோட்டில் கிடந்த டீசலைத் தண்ணீர் அடித்துக் கழுவப் பார்த்தார்கள். அப்பா விடவில்லை. கழுவினால் அத்தனையும் வாய்க்காலில் இறங்கும், வாய்க்காலுக்குக் கீழே எங்கள் கிணறு. மாமா கயிறு மில்லிலிருந்து காய்ந்த நார்க்கழிவை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். கொஞ்ச நேரத்தில் அது கருத்துக் கட்டிகட்டியாகிவிட்டது, அள்ளிப் பிழிந்தால் டீசல் சொட்டியது. அப்புறம் ஜேசிபி வைத்து, வாடை நிற்கும்வரை செம்மண்ணைத் தோண்டித் தார்ப்பாயில் குவித்து, மழை படாமல் மூடினோம்.

நார்க்கழிவெல்லாம் நாட்டு வைத்தியம் என்று யாராவது எழுதுவீர்கள். முதல் சில மணி நேரத்துக்குக் கையில் கிடைப்பதைத்தான் சொல்கிறேன். அள்ளிய மண்ணையும் கழிவையும் எரிக்கவோ எருக்குழியில் போடவோ கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லி, அவர்கள் காட்டும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நம்மூர் அடியில் பாறை. எண்ணெய் பாறை வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று சொல்லவே முடியாது. அதனால் பக்கத்துப் போர்களை ஓட்டாதீர்கள், மோட்டார் இழுக்க இழுக்க எண்ணெயும் அந்தப் பக்கம் நகரும். கிணற்றில் படலம் தெரிந்தால் மேலாக மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து இறைத்தால் மட்டம் இறங்கி, எண்ணெய் சுற்றுச் சுவரிலும் ஊற்றுக்கண்ணிலும் அப்பிக்கொள்ளும். பெட்ரோலாக இருந்தால் மோட்டார் சுவிட்சைத் தொடவே கூடாது, ஆளையும் இறக்கக் கூடாது.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள். வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை இப்படித்தான் பார்ப்பார்கள், எண்ணெயும், எரிபொருளில் இருக்கும் பென்சீன் என்ற புற்றுநோய் தரும் பொருளும் அதில் வராது. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஒருவர், "சாயத்தண்ணியே பார்த்த ஊருங், இது என்ன பண்ணீரும்" என்றார். பாசனத்துக்கென்று 1992-ல் நொய்யல் ஆற்றில் வந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் குட்டையாகிப்போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். நொய்யல் ஓரத்தில் கிணறு கெட்டு, தென்னை காய்ந்து, பண்ணையத்தையே விட்டுப் போன சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. ஒருமுறை கெட்டது, இனி எதைக் கொட்டினாலும் பொறுத்துக்கொள் என்றால் என்ன நியாயம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இழப்பீடு கேட்டு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 5 ஆண்டு அவகாசம் உண்டு. கொட்டிய இடம், தோண்டிய குழி, கிணற்றின் படலம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். சோதனை முடிவின் நகலையும் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.