"கோர்ட் ஆர்டர் இருக்கு" என்கிறாரா? எந்த ஆர்டர்?

கேள்வி: செம்பூரில் இருந்த என் தம்பியும் அவன் மனைவியும் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். அவர்கள் மகனுக்கு இப்போது 17 வயது. பையனின் தாய்மாமனை நீதிமன்றம் கார்டியனாக நியமித்தது. சென்ற மாதம் தம்பியின் ஃபிளாட்டை அவர் விற்றுவிட்டார். கேட்டால், "கோர்ட் ஆர்டர் இருக்கு, நீங்க யாரு கேட்க?" என்கிறார். பணம் எங்கே என்று பையனுக்கே தெரியவில்லை. அத்தையான நான் என்ன செய்ய முடியும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 39-ஆம் பிரிவில், பையன் மீது அக்கறை உள்ள யாரும் கார்டியனை நீக்கச் சொல்லி மனு போடலாம் என்கிறது. அத்தைக்கு இல்லாத அக்கறையா?

ஆனால் முதலில் அவர் சொல்லும் ஆர்டர் எது என்று பாருங்கள். நியமன ஆர்டரை மட்டும் காட்டி வீட்டை விற்கிறவர்கள் உண்டு. நியமனம் வேறு, விற்க அனுமதி வேறு. 29-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் நியமித்த கார்டியன் முன் அனுமதி வாங்காமல் மைனரின் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்குக்கூட விடக்கூடாது. அனுமதி தர, விற்றே ஆகவேண்டிய தேவை இருக்க வேண்டும், அல்லது பையனுக்குத் தெளிவான ஆதாயம் இருக்க வேண்டும். அது என்ன என்று ஆர்டரிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏலத்தில்தான் விற்க வேண்டும், பணத்தை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனையும் போட்டிருக்கலாம். அதனால் ஒரு வழக்கறிஞர் மூலம் அந்த வழக்குக் கட்டின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள்.

கூடவே, பதிவுத் துறை இணையதளத்தில் ஃபிளாட்டின் இண்டெக்ஸ்-2 (பதிவான பத்திரத்தின் சுருக்க விவரம்) எடுத்துப் பாருங்கள். வாங்கியவர் பெயர், காட்டிய விலை, சந்தை மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர் மாமாவின் மச்சினராக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

அனுமதியே வாங்கவில்லையா? அப்போதும் விற்பனை தானாகச் செத்துவிடாது. வழக்குப் போட்டு ரத்து செய்ய வேண்டும். கார்டியன் ஒருவர் இருக்கும்போது பையன் சார்பில் நீங்கள் வழக்காட நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அனுமதி வாங்கியிருந்தால் வேலை கடினம். பையனுக்கு வேறு வருமானம் இருந்ததை மறைத்தாரா, மதிப்பைக் குறைத்துச் சொன்னாரா, நிபந்தனையை மீறினாரா என்று தோண்டிப் பார்த்து, ஆர்டர் போட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டும். "எனக்கு நோட்டீஸே வரவில்லை" என்ற ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உறவினருக்கு நோட்டீஸ் அனுப்புவது நீதிமன்றத்தின் விருப்பம்தான். எப்படியானாலும், விற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டச் சொல்லி மனு போடலாம்.

மும்பைக்காரர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. வழக்கு நடக்கும்போது வீடு கைமாறினால், புதிதாக வாங்கியவரையும் தீர்ப்பு கட்டும் என்று நம்பி உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே வழக்கு நிலுவையில் இருப்பதற்கான லிஸ் பெண்டன்ஸ் நோட்டீஸைப் பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஷேர் சர்டிபிகேட்டை (சொசைட்டியில் ஃபிளாட்காரரின் பங்கைக் காட்டும் சான்றிதழ்) வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டாம் என்று ஹவுசிங் சொசைட்டிக்கும் இன்றே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், காலக்கெடு. பையனுக்கு 18 நிறைந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அவனே வழக்குப் போடலாம். "கோர்ட் கார்டியன் இருந்தால் 21 வரைக்கும் மைனர்தான்" என்று யாராவது பெரியவர் சொல்வார். அது பழைய சட்டம், 1999-இல் மாற்றிவிட்டார்கள். அவன் மேஜர் ஆகட்டும் என்று நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். அதற்குள் ஃபிளாட் இரண்டு கை மாறிவிடும்.

செலவை நினைத்துத் தயங்கினால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். நீங்களும் தகுதி, பையனும் தகுதி.